அளக்காமல் கை வைக்காதேங்கோ

பழைய கட்டடமொன்றில் வெடிப்பு விழுந்தால் போதும், "உடனே திருத்துங்கோ, இன்னும் எத்தனை வருசம் ஆய்வு செய்யப்போறியள்?" எண்டு ஒரு கூட்டம் கத்தத் தொடங்கிவிடும். ஆய்வென்பது வேலையைத் தள்ளிப்போடும் சாட்டு என்பது அவர்களின் நினைப்பு. அவர்கள் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவை ஒருக்கால் பார்க்கவேணும்.

பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் 532 இல் தொடங்கி 537 இல் அதை முடித்தார். ஐந்தே வருடம்! செங்கற்களுக்கிடையே தடிப்பாகப் பூசிய சுண்ணாம்புச் சாந்து நன்றாக இறுக முதலே மேலே பாரம் ஏறியது. தாங்கு தூண்கள் வெளிப்பக்கம் சரிந்தன. நிலநடுக்கங்களைத் தொடர்ந்து 558 இல் குவிமாடம் இடிந்தது. 562 இல் இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். 10ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் அதிலும் பகுதிகள் விழுந்து, திரும்பக் கட்டப்பட்டன.

ஆக, இண்டைக்கு மேலே நிற்பது மூன்று காலத்து வேலை. அது சரியான வட்டமும் இல்லை. எந்தத் துண்டு எந்தக் காலத்தது, எது எந்தப் பக்கம் தள்ளுது எண்டு தெரியாமல் எங்கே பலப்படுத்துவது? ரொபேர்ட் வான் நைஸ் 1937 இல் அளக்கத் தொடங்கினார். அவரின் வரைபடங்களின் கடைசித் தொகுதி 1986 இல்தான் வெளிவந்தது. வீண் வேலையா அது?

அவசரக்காரரின் கையில் எப்பவும் சீமெந்து இருக்கும். அது பழைய செங்கல்லைவிடக் கடினம். ஈரத்தையும் வெளியேற விடாது. கடைசியில் உப்புப் பூத்து உதிர்வது செங்கல்தான்.

"அதுக்குள்ள விழுந்திட்டா?" நியாயமான கேள்வி. முட்டுக் கொடுங்கோ, சாரம் கட்டுங்கோ. அதைப் பிறகு கழற்றலாம். பிழையாகச் செய்த திருத்தத்தைக் கழற்றேலாது.

1847 முதல் 1849 வரை அங்கே திருத்தவேலை செய்த பொசாட்டி சகோதரர்கள், வெளிப்பட்ட மொசைக் ஓவியங்களை வரைந்து வைத்துவிட்டுத்தான் திரும்ப மூடினார்கள். அவற்றில் சில பிறகு அழிந்துபோயின. இண்டைக்கும் அந்த வரைபடங்கள் எங்களிடம் மிஞ்சியிருக்கின்றன.

தேவாலயம், பள்ளிவாசல், அருங்காட்சியகம், 2020 இலிருந்து திரும்பவும் பள்ளிவாசல். யாருக்குச் சொந்தம் எண்டு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை பிடிக்கலாம். எந்தக் கொடியின் கீழ் திருத்தினாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அளந்த கணக்கு எங்கே? அதை எல்லாரும் பார்க்க வையுங்கோ. பேந்து சாந்தைக் குழையுங்கோ.