பயிர்க்காவல் துப்பாக்கி: சட்டத்தில் இருக்கிறது, கையில் எங்கே?



மூணு மாசம் தண்ணி கட்டி வளர்த்த மரவள்ளியை ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் கிளறிப் போடுகிறது. காலையில் வி.ஏ.ஓ.விடம் ஓடுகிறோம். அவர் ஃபாரஸ்ட்டைக் கை காட்டுகிறார். அங்கே போட்டோ, அடங்கல், பட்டா நகல் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு ராத்திரியே பன்றி திரும்பவும் வருகிறது. அதுக்கு அடங்கல் தேவையில்லை!

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பன்றி புகுந்தால் விவசாயி லீவர் ரைபிளை எடுக்கிறான். விசைக்குக் கீழே இருக்கும் லீவரைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறும். வின்செஸ்டர் கம்பெனி 1894-ல் போட்ட மாடல் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைக்கூட அவன் வீசுவதில்லை. பழைய ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, கேப்பும் மருந்தும் புதுசாகப் போட்டு வீட்டிலேயே தோட்டா கட்டிக்கொள்கிறான். ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தர் என்ற ஊரில் 35 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு அரசாங்கம் லட்சக்கணக்கான துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி நொறுக்கியது. அப்போதும் லைசென்ஸ் உள்ள விவசாயியின் லீவர் ரைபிளில் கை வைக்கவில்லை.

நமக்கும் அதையே கேட்கலாமே என்று இளவட்டங்கள் கூட்டத்தில் கேட்கிறார்கள். வேண்டாம் தம்பிகளா! ரைபிள் குண்டு ஒரு மைல் தாண்டியும் போகும். நம்ம வரப்புக்கு அடுத்தது இன்னொருத்தர் களத்துமேடு. வீட்டில் ஈயம் காய்ச்சுவதும் விளையாட்டில்லை. உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தால் முகத்தில் தெறிக்கும். ஈயத் தூசி பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்து மாட்டினால், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம் ஜெயில், ஆயுள் வரைக்கும் போகலாம். ஒரு பன்றிக்காகக் குடும்பம் தெருவில் நிற்கணுமா?

மனு கொடுக்கச் சென்னைக்குப் போனபோது நொச்சிக்குப்பம் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். மீனவர் ஒருத்தர் வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். "இது இல்லாட்டி வலை தண்ணில நிக்காது சார்" என்றார். அவர் தொழிலுக்கு ஈயம் வேண்டும், கோத்துக்கொள்கிறார். நம்ம தொழிலுக்கும் ஒரு கருவியைச் சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. அது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1959 ஆயுதச் சட்டம், 13-வது பிரிவு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, குழல்வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கி கேட்டால் லைசென்ஸ் "கொடுக்க வேண்டும்" என்றே எழுதியிருக்கிறது. கேட்கிறவர் மேல் ஆட்சேபமோ, பொது அமைதி, பாதுகாப்பு பற்றிய காரணமோ இருந்தால்தான் மறுக்கலாம். அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குப் பட்டால், ரைபிள் அல்லாத வேறு வேட்டைத் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். 14-வது பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது: போதுமான சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது! அரை ஏக்கர்காரனுக்கும் இது பொருந்தும். ஆனால் நடப்பு என்ன? மனு மேசைக்கு மேசை நகர்கிறது, பதில் மட்டும் வருவதில்லை.

துப்பாக்கி கிடைத்தாலும் வெடிச் சத்தம் போட்டு விரட்டத்தான் முடியும். சுட வேண்டுமென்றால் வனவிலங்குச் சட்டத்தின் 11-வது பிரிவில் அனுமதி வேண்டும். நிற்கிற பயிருக்கு ஆபத்து என்றால் அனுமதி தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. கேரளம் 2022-ல் அந்த அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் கையில் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைச் சுட விட்டது. நம்ம அரசு 2025 ஜனவரியில் என்ன அறிவித்தது? காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டி மானாவாரி நிலம் வைத்திருப்பவன் யார்? ஏழைதான். பன்றி முதலில் மேய்வது அவன் வயலில்தான். அவனுக்குத்தான் ஒன்றும் இல்லை!

வழியை அடைத்தால் ஆள் குறுக்கு வழிக்குப் போகிறான். அவுட்டுக்காய் வைக்கிறான், வேலியில் கரண்டை விடுகிறான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் அப்படி ஒரு வேலியில் மூணு யானைகள் செத்தன. ராத்திரி தண்ணி கட்டப் போன மனுசனும் இப்படிச் சாகிறான். இந்த வேலையைச் செய்கிறவனுக்குச் சங்கம் துணை நிற்காது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவனை அங்கே தள்ளினது யார் என்று கேட்காமலும் இருக்க மாட்டோம்.

பயிர்க்காவல் லைசென்ஸ் மனுவுக்குக் கெடு வைத்துப் பதில் சொல்லு! லைசென்ஸ்காரருக்கு மருந்தும் கேப்பும் தாலுகா அளவில் கிடைக்கச் செய்! கேரளம் மாதிரி அனுமதி அதிகாரத்தை ஊராட்சிக்குக் கொடு! 1 கிலோமீட்டருக்குள் சுட முடியாதென்றால் அங்கே அழியும் பயிருக்கு முழு நஷ்டஈடு கொடு!

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஊருக்குப் பத்து பேராவது கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். பட்டா நகல், அடங்கல், பயிர் அழிந்த போட்டோ, லைசென்ஸ் மனு எல்லாம் இரண்டு செட் இருக்கட்டும். ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "கிடைக்காது" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 14-வது பிரிவில்தான் இருக்கிறது. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் மேல்முறையீடு போக முடியும். வாங்கியதும் ஒரு நகலைச் சங்கத்தில் கொடுத்துவிடுங்கள்.