அக்னி வெயிலில் தகிக்கும் கம்ப்யூட்டர்: சூட்டைக் குறைப்பது எப்படி?

மே மாதத்தில் மீனம்பாக்கத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. மாடம்பாக்கத்தில், ஏசி இல்லாத மொட்டை மாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் இது சோதனைக் காலம்தான். அதுவும் ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் பண்ணதுன்னா, கவனிக்க வேண்டியதும் நாமதான்.

ஏன் சூடாகிறது?

ஃபேன் கூலரால் பிராசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையில் 10 டிகிரி ஏறினால், பிராசஸரிலும் ஏறக்குறைய அதே அளவு ஏறும்.

எதுவரை தாங்கும்?

ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு வரம்பு 95 டிகிரி. இன்டெல் 13, 14-ம் தலைமுறைக்குப் பெரும்பாலும் 100. வரம்பைத் தொட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?

• முதலில் தூசியைச் சுத்தம் பண்ணுங்க.
• முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்கணும். பின்பக்க ஃபேன் வெளியே தள்ளணும்.
• காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்க.
• பயாஸில் மின் வரம்பைக் குறைக்கலாம். செலவே கிடையாது.

சூடு இல்லாமலே கிராஷ் ஆகுதா?

கூலர் வாங்க அவசரப்படாதீங்க. அதிக வோல்டேஜால் 13, 14-ம் தலைமுறை பிராசஸர்கள் சில பழுதாவதை 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டு, வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. அந்த பிராசஸர் என்றால் பயாஸை அப்டேட் பண்ணிட்டு, வாரன்டியைப் பாருங்க.