பழைய கூலன்ட்டை எங்கே ஊற்றுகிறீர்கள்?

வீட்டிலேயே கார் கூலன்ட்டை மாற்றலாம். இன்ஜின் முழுதாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். பழையதை வடித்ததும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஆறியபின் மறுபடி வடியுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். புதிய கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காமல், கார் மேனுவலில் சொன்ன வகையையே வாங்குங்கள்.

வடித்த கூலன்ட்டில்தான் ஆபத்தே இருக்கிறது. பெரும்பாலான கூலன்ட்களில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; ஆனால், சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும் விஷம். பேசினில் திறந்து வைத்தால் தெருநாய் நக்கிவிடும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட மோசம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே! இறுக மூடிய கேனில் 'விஷம்' என்று எழுதி, சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.