மேசையும் பத்து விரல்களும்



கல்யாணுக்கு அடுத்த உல்லாஸ்நகர் மரச்சாமான்களுக்குப் பேர்பெற்ற ஊர். இப்பகுதியில் தச்சுவேலை செய்து பிழைக்கும் சகோதரரே, இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பத்தைப் பலகையின் அடியில் தலைகீழாகத் திருகி, மேசை ரம்பமாக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் அதற்காகக் காப்பு மூடியைக் கழற்றிவிடுகிறோம் அல்லவா? விரல்கள் போவது அங்கேதான்.

அதற்குப் பதிலாக, மலிவான சிறிய மேசை ரம்பம் ஒன்றை வாங்கி, அதற்கேற்ற மரமேசையை நீங்களே செய்யலாம். 18 மி.மீ. பிளைவுட் போதும். ரம்பத்தின் மேற்பரப்பும் மேசையும் ஒரே மட்டமாயிருக்கட்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பின்புறம் மேசையை நீட்டுங்கள். அறுபட்ட பலகை சரியாது. அதைப் பிடிக்க உங்கள் கையும் பற்களைத் தாண்டி நீளாது.

வழிகாட்டிச் சட்டம் ரம்பத்தகட்டுக்கு இணையாயிருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்துபாருங்கள். பின்பக்கம் நெருங்கினால் பலகை சிக்கி, உங்கள்மேலேயே பாயும். அதைத் தடுக்கவே தகட்டின் பின்னால் மெல்லிய இரும்புத் தகடொன்று நிற்கிறது, அதை அகற்றாதிருங்கள். சிறு துண்டுகளைக் கோலால் தள்ளுங்கள். முகமூடி அணியுங்கள், மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் அறிவித்தது.

மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுகிறவர், பிறர் விழாதிருக்கவும் கட்டுகிறார். நாளை உங்கள் மேசையில் ஒரு இளைஞன் தொழில் கற்பான். அவன் விரல்களுக்கும் நீங்களே பொறுப்பு.