கப்பல்காரர் முதல் போடட்டும்! கரையில் இருப்பவர் முதலாளி ஆகட்டும்!

கப்பலில் வேலை பார்ப்பவர் வீட்டில் பணம் காய்த்துத் தொங்குகிறது என்று ஊர் நினைக்கிறது. அதில் பாதிதான் உண்மை.

மாலுமிக்கு நல்ல சம்பளம் உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் கிடையாது. சாதாரண மாலுமி பெரும்பாலும் 6 மாதம் முதல் 9 மாதம் வரை ஒப்பந்தத்தில் போகிறார். ஒப்பந்தம் முடிந்தால் கப்பலை விட்டு இறங்க வேண்டியதுதான். அடுத்த கப்பல் கிடைக்கும் வரை பெரும்பாலோருக்குச் சம்பளம் இல்லை. வீட்டு அடுப்பு மட்டும் தினமும் எரிய வேண்டும்!

இன்னொரு கவலையும் உண்டு. கடலுக்குப் போக உடல் தகுதிச் சான்று வேண்டும். 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும். கண் மங்கினாலோ, இதயத்தில் கோளாறு என்றாலோ, டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார். அன்றோடு கடல் வாழ்வு முடிந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது என்ன நடந்தது? உலகம் முழுவதும் சுமார் 4 லட்சம் மாலுமிகள் வீடு திரும்ப முடியாமல் கப்பல்களில் சிக்கிக் கொண்டார்கள். அதே அளவு பேர் கப்பல் ஏற முடியாமல் வருமானம் இன்றி வீட்டில் இருந்தார்கள்.

ஆகவே, "கரையில் ஒரு தொழில் வேண்டும்" என்று மாலுமிகள் நினைப்பது நியாயமே. குடும்பமும் உற்றாரும் அதற்கு உதவ வேண்டும். ஆனால் எப்படி உதவுவது? அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

பணம் உண்டு, ஆள் இல்லை

மற்றவர்களுக்குக் கடை வைக்க ஆள் உண்டு, பணம் இல்லை. கப்பல்காரருக்குப் பணம் உண்டு, ஆள் இல்லை! கடை திறக்கும் நேரத்தில் அவர் எங்கோ நடுக்கடலில் இருப்பார்.

அதனால் என்ன செய்கிறார்? மைத்துனரையோ, நண்பரையோ நம்பிப் பணத்தைக் கொடுத்து விட்டுப் போகிறார். 9 மாதம் கழித்து வந்து பார்த்தால் கடையில் சரக்கு இல்லை, கணக்கும் இல்லை. பணமும் போய், உறவும் போய் விடுகிறது.

கடலில் இருப்பவர் முதல் போடலாம். ஆனால் தினமும் கல்லாவில் உட்காருகிறவரே முதலாளியாக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அவர் யார்? மாலுமியின் மனைவிதான்.

"பெண்ணுக்கு வியாபாரம் தெரியுமா?" என்று சிலர் கேட்பார்கள். கணவர் கடலில் இருக்கும்போது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது யார்? வீடு கட்டியபோது கொத்தனாருக்குக் கூலி கணக்குப் பார்த்தது யார்? மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது யார்? இத்தனையும் செய்தவருக்கு ஒரு கடையை நடத்த முடியாதா?

மணமாகாத மாலுமி என்றால் தந்தையோ, தங்கையோ பொறுப்பு ஏற்கலாம். யாராக இருந்தாலும் பொறுப்போடு உரிமையும் வேண்டும். கடை வாடகை ஒப்பந்தம், உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில் இருக்கட்டும். ஒரு கையெழுத்துக்காகக் கப்பல் கரை சேரும் வரை காத்திருக்க முடியுமா?

கைத்தொழிலே முதல்

என்ன தொழில் செய்யலாம்? தெரிந்த தொழில்தான்! கப்பல் ஒரு பெரிய தொழிற்கூடம். இயந்திர அறையில் ஃபிட்டராக இருந்தவருக்கு வெல்டிங் பட்டறை கைவந்த கலை. எலக்ட்ரீஷியனுக்குக் குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கத் தெரியும். 30 பேருக்கு மூன்று வேளையும் சமைத்தவருக்கு மெஸ் நடத்துவது புதிதல்ல. தூத்துக்குடிக்காரர் என்றால் மக்ரூன் போடக் கற்று, ஒரு சிறிய பேக்கரி வைக்கலாம். ஆனால் அவர் கடலில் இருக்கும்போது பட்டறையிலோ அடுப்பிலோ நிற்கக் கைதேர்ந்த ஆள் ஒருவர் வேண்டும். அவரை முதலிலேயே தேடி வைக்க வேண்டும்.

அகலக் கால் வைக்கக் கூடாது. ஒரு ஒப்பந்தத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை மட்டும் போட வேண்டும். வீட்டையும் நகையையும் அடகு வைக்கக் கூடாது. குறைந்தால் வங்கிக்குப் போகலாம். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ஈடு இல்லாமல் கடன் உண்டு. முதல் படி 50 ஆயிரம் ரூபாய் வரை. சிறு தொழிலை 'உத்யம்' என்ற அரசுப் பதிவில் சேர்க்கக் கட்டணமே கிடையாது. மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள்.

கணக்கு சொல்லும் உண்மை

உதாரணத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரு நாள் விற்பனை 4,000 ரூபாய். அரிசி, காய்கறி, எரிவாயு எல்லாம் 3,000 ரூபாய். மிச்சம் 1,000. மாதம் 26 நாள் கடை என்றால் 26,000 ரூபாய். வாடகை 6,000, மின்சாரம் 2,000, உதவியாள் சம்பளம் 10,000 போக நிற்பது 8,000 ரூபாய்.

"லாபம் 8,000!" என்று மகிழ்ந்து விடக் கூடாது. காலை முதல் இரவு வரை கடையில் நின்ற மனைவிக்குச் சம்பளம் எங்கே? அவருக்கு 8,000 எழுதினால் லாபம் பூஜ்யம்! அந்த அம்மாளின் உழைப்புத்தான் லாபம் போல வேஷம் போடுகிறது. ஆகவே வீட்டுக்காரிக்கும் சம்பளம் எழுத வேண்டும். அப்போதுதான் கடை வளர்கிறதா, தேய்கிறதா என்று தெரியும்.

கப்பலில் ஒவ்வொரு வாட்சுக்கும் லாக் புத்தகம் எழுதுகிறார்கள். அந்தப் பழக்கம் கடைக்கும் வரட்டும். வரவு, செலவு, கடன் மூன்றையும் அன்றன்றே எழுத வேண்டும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி.

விடுமுறையில் வந்த அதிகாரி

கப்பல்காரருக்கும் ஒரு வார்த்தை. விடுமுறையில் வந்ததும் கடையைத் தலைகீழாக மாற்றுகிறவர்கள் உண்டு. விலையைக் கூட்டுவார், வேலையாளை விரட்டுவார், நண்பர்களுக்குக் கடன் கொடுப்பார். பிறகு கப்பல் ஏறி விடுவார். வாடிக்கைக்காரர்களின் முகத்தில் விழிக்கிறவர் மனைவி!

கடலில் அவர் அதிகாரியாக இருக்கலாம். கடையில் முதல் சில ஆண்டுகள் அவர் பயிற்சியாளர்தான். விடுமுறை முழுவதும் கடையில் நின்று கற்றுக் கொள்ளட்டும்.

கடல் வேலையை அவசரப்பட்டு விட வேண்டாம். லாபத்தை எடுத்துச் செலவு செய்யாமல் கடையிலேயே திருப்பிப் போட வேண்டும். கப்பல் சம்பளம் இல்லாத மாதங்களிலும் அந்தக் கடை வீட்டுக்கு அரிசி வாங்கித் தர வேண்டும். அதுவே கரை ஏறும் காலம்.

உற்றார் செய்யும் பேருதவி ஒன்று உண்டு. கைமாற்றுக் கேட்காமல், கடையில் ரொக்கம் கொடுத்துப் பொருள் வாங்குவதுதான் அது!

1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு பங்கு 25 ரூபாய். கரையில் இருந்தவர்கள் பணம் போட்டார்கள். கடலில் கப்பல் ஓடியது. இன்று கடலில் இருப்பவர் பணம் போடுகிறார். கரையில் கடை ஓட வேண்டாமா?

பணத்தை மட்டும் அனுப்பினால் போதாது. நம்பிக்கையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சாவியை மனைவியின் கையில் கொடுத்து விட்டுக் கப்பல் ஏறுங்கள்!