சுட்டிக்காட்டும் நாய்க்கு இங்கே என்ன வேலை?

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று மூன்றாம் வகுப்பிலிருந்தே கட்டுரை எழுதி வருகிறோம். அந்த நன்றிக்கு நாம் என்ன கைம்மாறு செய்கிறோம் என்று ஒருநாளும் எழுதியதில்லை. ஆகவே இம்முறை அதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

'பாயிண்டர்' என்பது இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட வேட்டை நாய். குட்டை ரோமமும் தொங்கும் காதும் உடையது. வெள்ளை உடலில் பழுப்பு அல்லது கறுப்புத் திட்டுகள் இருக்கும். ஆண் நாய் 25 முதல் 28 அங்குலம் வரை உயரும். நமது சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் முயலைக் கண்டதும் துரத்திப் பிடிக்கும். பாயிண்டரோ, புதரில் பறவை இருப்பதை மோப்பத்தால் அறிந்ததும் பாயாது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, மூக்கால் இடத்தைக் காட்டியபடி சிலைபோல் நின்றுவிடும். சுடுவது மனிதனின் வேலை.

செஞ்சி மலைகளுக்கு அருகிலுள்ள எங்கள் அவலூர்பேட்டைப் பக்கத்திலும் கவுதாரி உண்டு, முயல் உண்டு. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் வேட்டைக்குத் தடை விதித்துவிட்டன. அது சரியே என்பது எங்கள் கருத்து. அப்படியானால் துப்பாக்கிக்கென வளர்க்கப்பட்ட நாய்க்கு இங்கே என்ன வேலை? நாள் முழுதும் ஓடப் பிறந்ததைப் பெருமைக்காக வாங்கி, மாடிப்படியின் கீழ் சங்கிலியால் கட்டுவது நியாயமா?

"வேட்டையில்லாவிட்டால் அது வீண்தானே?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஜூடியின் கதையைச் சொல்வோம். 1936இல் ஷாங்காய் நகரில் பிறந்த இந்தப் பாயிண்டரைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மாலுமிகள் வேட்டைக்குப் பழக்கிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் கப்பல் குண்டுவீச்சுக்கு இரையாகி, தப்பியவர்கள் ஒரு தீவில் தாகத்தால் தவித்தபோது, ஜூடிதான் கரையைத் தோண்டி நன்னீரைக் காட்டியது. பின்னர் சுமத்ராவில் ஜப்பானியர் சிறைமுகாமில் கைதிகளோடு கைதியாக வாழ்ந்தது. 1946இல் விலங்குகளுக்கான டிக்கின் வீரப்பதக்கம் பெற்றது.

பார்த்தீர்களா, தோழியரே! பறவையைக் காட்டப் பழகாத நாய் தண்ணீரைக் காட்டியது. இன்று நம் நாட்டிலும் பல மாநில வனத்துறையினர், திருட்டு வேட்டையாடுவோரைப் பிடிக்க மோப்ப நாய்களைப் பயன்படுத்துகிறார்கள். மோப்ப சக்தியில் குற்றமில்லை; அதை எதற்குப் பழக்குகிறோம் என்பதே கேள்வி.

ஆகவே பெற்றோர்களுக்கு எங்கள் பணிவான வேண்டுகோள்: ஓட இடமும், தினமும் அதனுடன் செலவிட நேரமும் இருந்தால் மட்டுமே இத்தகைய நாயை வாங்குங்கள். இல்லையேல், வாசலில் பசியோடு நிற்கும் நம் தெரு நாய்க்கு ஒரு பிடி சோறு வையுங்கள். அதுவும் நன்றியுள்ள பிராணிதான்.