"சரி" என்றால் போதுமா?

ஒருவர் சொல்கிறார். மற்றவர் "சரி" என்கிறார். பேச்சு முடிந்தது என்று இருவரும் நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து!

1977-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீப் தீவில், விமான நிலையத்தை மூடுபனி மறைத்திருந்தது. "இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்" என்று டச்சு விமானத்தில் இருந்து ரேடியோவில் குரல் வந்தது.

உத்தரவுக்குக் காத்து நிற்கிறார்கள் என்று எண்ணிய கட்டுப்பாட்டு அதிகாரி, "ஓ.கே." என்றார். "பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்று அவர் தொடர்ந்து சொன்னது இரைச்சலில் அமுங்கிவிட்டது. அனுமதி கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் விமானம் ஏற்கனவே ஓடத் தொடங்கி இருந்தது! அதே ஓடுபாதையில் வந்துகொண்டிருந்த அமெரிக்க விமானத்தில் போய் மோதியது. 583 பேர் மாண்டார்கள்.

இன்று வெறும் "ஓ.கே." செல்லாது. புறப்பட அனுமதி தந்தால், அதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

இந்த நல்ல வழக்கம் வீட்டுக்கும் வரவேண்டும். "காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி இரண்டு" என்கிறார் மருந்துக்கடைக்காரர். பெரியவர் தலையை ஆட்டுகிறார். (தலையாட்டுவதற்குக் காசா, பணமா?) வீட்டுக்கு வந்ததும், காலையில் இரண்டா, ராத்திரி இரண்டா என்று சந்தேகம்! கடையிலேயே ஒரு தடவை திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லச் சொன்னாலோ, "எனக்கு என்ன, காது செவிடா?" என்று கோபம் வந்துவிடுகிறது.